வீட்டில் சிம் ரேசிங் ஓட்டி நிஜ ரேஸ் டிரைவர் ஆக முடியுமா? கனவுக்கும் கணக்குக்கும் நடுவே என்ன இருக்கிறது?

2025 செப்டம்பர் 27. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக். நான்கு மணி நேரப் பந்தயம். ஃபெராரி 296 ஜிடி3 காரை முதலில் ஓட்டியவர் ஃபார்முலா 1 சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். அவர் இறங்கியதும் காரில் ஏறி, கடைசிவரை முதலிடத்தைக் காப்பாற்றி வெற்றிக்கோட்டைத் தொட்டவர் கிறிஸ் லுல்ஹாம் என்ற பிரிட்டிஷ் இளைஞர்.

யார் இந்த லுல்ஹாம்? வெர்ஸ்டாப்பன் ஓய்வு நேரத்தில் விளையாடும் 'டீம் ரெட்லைன்' என்ற சிம் ரேசிங் அணியின் டிரைவர். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தவர், உலகின் மிக ஆபத்தான டிராக்குகளில் ஒன்றில் உலக சாம்பியனோடு ஒரே காரைப் பகிர்ந்து ஜெயித்திருக்கிறார்.

இதைப் படிக்கும்போது, வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்கு ஸ்டியரிங் வீலைப் பிடிக்கும் பலருக்கும் ஒரு கேள்வி வரும். 'அப்போ நானும் ஆகலாமா?' கல்லூரிப் பையனின் ரூம் கதவைத் திறந்து பார்க்கும் அப்பாவுக்கு வேறு கேள்வி. 'இது உருப்படற விஷயமா, இல்ல வெறும் கேமா?'

இரண்டுக்கும் நேர்மையான பதில் என்ன? பார்ப்போம்.

சிம் ரேசிங் என்றால் என்ன? சாதாரண கேமிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மொபைலில் விரலால் திருப்பி ஓட்டும் கார் கேமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சிம் என்பது சிமுலேஷன் என்பதன் சுருக்கம். ஐரேசிங், அசெட்டோ கோர்ஸா, கிரான் டூரிஸ்மோ போன்றவற்றில் டயர் சூடாவது, எரிபொருள் குறையக் குறைய கார் லேசாவது, பிரேக் அழுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வது என எல்லாமே இயற்பியல் கணக்காக ஓடுகிறது. ஐரேசிங் போன்ற மென்பொருள்களில் நிஜ டிராக்குகளை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம்வரை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

கையில் இருப்பதும் கன்ட்ரோலர் அல்ல. எதிர்விசை தரும் ஸ்டியரிங் வீல், அழுத்தும் விசையை அளக்கும் பிரேக் பெடல், உடலைப் பிடித்துக்கொள்ளும் இருக்கை. ஆரம்பநிலை வீல், பெடல் செட் இந்தியாவில் சுமார் 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மோட்டார் நேரடியாக வீலோடு இணைந்த 'டைரக்ட் டிரைவ்' வகைக்குப் போனால், முழு செட்டப்பும் லட்சத்தைத் தாண்டிவிடும்.

காசு அதிகம்தான். ஆனால் நிஜ ரேஸ் காரின் ஒரு செட் டயர், எரிபொருள், டிராக் வாடகை, மெக்கானிக் சம்பளம் என்று கணக்குப் போட்டால் இது சில்லறை. சிம் ரேசிங்கின் கவர்ச்சியே இதுதான். ஒருநாள் முழுக்க ஓட்டலாம், நூறு தடவை சுவரில் மோதலாம், பழுது பார்க்கும் செலவு பூஜ்யம்.

இதுவரை யாராவது உண்மையிலேயே சாதித்திருக்கிறார்களா?

ஆம். கதைகள் நிறையவே இருக்கின்றன.

இதற்கு முதல் கதவைத் திறந்தது நிஸான் நிறுவனமும் சோனியின் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய 'ஜிடி அகாடமி'. கிரான் டூரிஸ்மோ கேமில் வேகமாக ஓட்டுபவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, நிஜ ரேஸ் காரில் உட்காரவைப்பதுதான் திட்டம். முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியஸ். அப்போது அவர் எம்பிஏ மாணவர். 2011-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் அவர் இருந்தார்.

அதே 2011-ல் அகாடமியை ஜெயித்தவர் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்து ஜான் மார்டன்பரோ. சுமார் 90,000 பேர் போட்டியிட்டதில் ஒருவராக வந்தவர். இரண்டே ஆண்டுகளில், 2013-ல், லெ மானில் தன் பிரிவில் மூன்றாம் இடம். 2023-ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் இவர் கதைதான். சுவாரசியமான தகவல்: அந்தப் படத்தின் ரேஸ் காட்சிகளில் மார்டன்பரோ கதாபாத்திரத்துக்கு டூப்பாகக் கார் ஓட்டியது மார்டன்பரோவேதான்!

நெதர்லாந்தின் ரூடி வான் பியூரன், கிச்சன் பொருள்கள் விற்கும் நிறுவனத்தில் சேல்ஸ் மேனேஜராக இருந்தார். 2017-ல் மெக்லாரன் நடத்திய 'வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் கேமர்' போட்டியை ஜெயித்து, அந்த ஃபார்முலா 1 அணியின் சிமுலேட்டர் டிரைவர் ஆனார். அதே போட்டியின் 2019 வெற்றியாளர் ஜேம்ஸ் பால்ட்வின், 2020-ல் பிரிட்டிஷ் ஜிடி தொடரில் மெக்லாரன் காரில் களமிறங்கி, முதல் பந்தயத்திலேயே வென்றார்.

அமெரிக்காவின் நாஸ்கார் உலகத்தில் இன்னும் பெரிய பெயர் உண்டு. ஐரேசிங்கில் ஓட்டிப் பழகி, பதின்ம வயதின் நடுவில்தான் நிஜ காருக்கு வந்தவர் வில்லியம் பைரன். அங்கே பலரும் ஐந்து, ஆறு வயதிலேயே ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் பைரன் ரொம்ப லேட். ஆனாலும் டேடோனா 500 பந்தயத்தை 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தார். அதே வழியில் வந்த ராஜா கருத், 2024-ல் லாஸ் வேகஸில் நாஸ்கார் டிரக் பந்தயத்தை வென்றார்.

ஆக, 'முடியுமா?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. முடியும். அடுத்த கேள்விதான் முக்கியம்: 'எத்தனை பேரால்? எதனால்?'

சிம் எதைக் கற்றுத்தருகிறது?

ரேஸ் ஓட்டுவதில் பாதி, கண்ணும் மூளையும் செய்யும் வேலை. எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், வளைவின் எந்தப் புள்ளியைத் தொட வேண்டும், எப்போது ஆக்ஸிலரேட்டரைத் திறக்க வேண்டும், முன்னால் போகிறவரை எங்கே முந்தலாம்... இவை அனைத்தும் சிம்மில் அப்படியே பழகலாம். பிரேக்கை மெதுவாக விடுவித்தபடியே வளைவுக்குள் நுழையும் 'டிரெயில் பிரேக்கிங்' நுட்பம்கூட அங்கே கைவந்துவிடும்.

இன்னொன்று, டேட்டா. ஒவ்வொரு லேப் முடிந்ததும் பிரேக், ஸ்டியரிங், வேகம் எல்லாம் கிராஃபாக வந்து நிற்கும். 'எந்த வளைவில் எவ்வளவு நேரம் இழந்தேன்' என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம், நிஜ ரேஸ் அணியில் இன்ஜினியரோடு பேச நேரடியாக உதவும்.

2019 ஜனவரியில் மெக்சிகோவில் நடந்த 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியில், இத்தாலிய சிம் ரேசர் என்ஸோ போனிட்டோ, ஃபார்முலா இ சாம்பியன் லூகாஸ் டி கிராஸியை நிஜ காரில், நிஜ டிராக்கில் தோற்கடித்தார். கேமில் கற்றது வீண் போவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதைக் கற்றுத்தராது?

முதலில் உடல். ஃபார்முலா 1 கார் பிரேக் பிடிக்கும்போது டிரைவரின் உடல்மீது புவியீர்ப்பு விசையைப் போல் ஐந்து மடங்குவரை அழுத்தம் விழுகிறது. கழுத்து அதைத் தாங்க வேண்டும். வெயில் நாட்களில் காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஒரு பந்தயத்தில் இரண்டு, மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். ஏசி ரூமில் இருக்கையில் உட்கார்ந்து இதைப் பழக முடியாது.

இரண்டாவது, உணர்வு. கார் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை நிஜ டிரைவர் முதலில் இடுப்பில்தான் உணர்கிறார், கண் அதற்குப் பிறகுதான். சிம்மில் இது தலைகீழ். திரையில் கார் திரும்பும் கோணமும் வீலில் வரும் அதிர்வும்தான் தகவல். சிம்மிலிருந்து வருகிறவர்கள் இந்த மொழியைப் புதிதாகக் கற்க வேண்டும்.

மூன்றாவது, பயம். 2015 மார்ச்சில், அதே நூர்பர்க்ரிங்கில் மார்டன்பரோ ஓட்டிய கார் ஒரு மேட்டில் காற்றில் தூக்கி எறியப்பட்டு, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்துபோனார். படத்தில் இந்த விபத்தை லெ மான் வெற்றிக்கு முன்னால் நடந்ததுபோலக் காட்டினார்கள். நிஜத்தில் அது இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது. சினிமாவில் சோகத்துக்குப் பின் வெற்றி வரும். நிஜத்தில் வெற்றிக்குப் பின்னும் சோகம் வரலாம். சிம்மில் இருக்கும் ரீசெட் பட்டன் அங்கே கிடையாது.

திறமை இருந்தும் ஏன் சிலர் மட்டுமே வருகிறார்கள்?

மேலே சொன்ன கதைகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், இரண்டு பொதுவான விஷயங்கள் கண்ணில்படும்.

ஒன்று, இவர்களில் பலர் 'ஜீரோவிலிருந்து' வந்த கேமர்கள் அல்ல. லுல்ஹாம் சிறுவயதில் கார்ட்டிங் ஓட்டியவர். வான் பியூரனும் அப்படித்தான். பணம் இல்லாமல் பதின்ம வயதில் நிறுத்தியவர். மார்டன்பரோகூட எட்டு வயது வாக்கில் கார்ட் ஓட்டியிருக்கிறார். குடும்பத்தால் செலவைத் தாங்க முடியவில்லை. அதாவது, சிம் அவர்களைப் புதிதாக உருவாக்கவில்லை. பணம் மூடிய கதவை வேறு பக்கத்திலிருந்து திறந்துவிட்டது.

இரண்டு, இவர்கள் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் செக் எழுதியிருக்கிறார். மார்டன்பரோவுக்கு நிஸான். வான் பியூரனுக்கு மெக்லாரன். பால்ட்வினுக்குப் போட்டிப் பரிசு. லுல்ஹாமுக்கு வெர்ஸ்டாப்பனின் சொந்த அணி.

செக் எழுத ஆள் இல்லாவிட்டால்? அதற்கும் உதாரணங்கள் உண்டு. துருக்கியின் ஜெம் போலுக்பாஷி, ஃபார்முலா 1 இஸ்போர்ட்ஸில் தொடங்கி 2022-ல் ஃபார்முலா 2 வரை போனார். ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே! இஸ்போர்ட்ஸிலிருந்து அந்த இடத்தைத் தொட்ட முதல் ஆள். ஆனால் காயம் ஒருபக்கம், முடிவுகள் வராதது மறுபக்கம். அந்த சீசனை அவரால் முழுதாக முடிக்கவே முடியவில்லை.

பிரேசிலின் இகோர் ஃப்ராகா, 2018 கிரான் டூரிஸ்மோ உலகப் போட்டியை வென்றவர். 2020-ல் நியூசிலாந்தில் நடந்த டொயோட்டா ரேசிங் சீரிஸிலும் சாம்பியன். ரெட்புல் ஜூனியர் அணியிலும் இடம். அப்படியும் ஐரோப்பிய ஏணியில் அதற்கு மேல் ஏற முடியவில்லை. 2025-ல்தான் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் முழு சீசன் ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது.

எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. நெதர்லாந்தின் யார்னோ ஓப்மீர் நிஜ ஃபார்முலா ரெனோ கார் ஓட்டியவர். அடுத்த படிக்குப் பணம் கிடைக்காமல் நின்று, சிம்முக்கு வந்தார். 2020, 2021 என இரண்டு ஆண்டும் ஃபார்முலா 1 இஸ்போர்ட்ஸ் சாம்பியன். திறமையில் என்ன குறை? இருந்தும் வாழ்க்கை திரைக்கு முன்னால்தான்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. 'யார் வேகமானவர்?' என்பதைக் கண்டுபிடிக்கும் செலவைத்தான் சிம் குறைத்திருக்கிறது. 'யார் பணம் கட்டுவது?' என்ற பிரச்சினையில் அது கையே வைக்கவில்லை. முதலாளி தரப்பில் ஆர்வம் குறைந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். ஜிடி அகாடமிக்கு நடந்தது அதுதான். 2014-ல் இந்தியாவரை தேர்வு நடத்திய அந்தத் திட்டம், 2016-க்குப் பிறகு இல்லை.

சிம் ரேசர்கள் ஏன் பெரும்பாலும் ஜிடி பந்தயத்துக்கே போகிறார்கள்?

ஃபார்முலா பாதை ஒரு குறுகலான ஏணி. ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிப் பட்டியலில் இஸ்போர்ட்ஸ் இல்லை. நீங்கள் உலக சிம் சாம்பியனாகவே இருந்தாலும் அங்கே உங்கள் கணக்கு பூஜ்யம்தான்.

ஜிடி பந்தயம் வேறு மாதிரி. ஒரே காரை இரண்டு, மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். பல அணிகளில் வசதியான தொழிலதிபர் ஒருவர் பொழுதுபோக்காக ஓட்டுவார், செலவில் பெரும்பகுதியை அவர் ஏற்பார். கூட ஓட்ட வேகமான இளைஞர் ஒருவர் அவருக்கு வேண்டும். அந்த இரண்டாவது இருக்கைதான் சிம் ரேசர்களுக்கு யதார்த்தமான வாய்ப்பு. அதோடு இங்கே வயதும் அவ்வளவு தடையில்லை. 2025 துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது நினைவிருக்கும். ஐம்பதைத் தாண்டியவரும் அணி அமைக்க இடம் தரும் உலகம் அது.

இந்தியாவில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நாட்டின் மோட்டார் ஸ்போர்ட் வரலாறே பெரும்பாலும் இங்கேதான். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-லிருந்து இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டிய இரண்டே இந்தியர்களும், கோவையின் நரேன் கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும், இங்கிருந்து போனவர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமும் நடந்தது.

சட்ட ரீதியாகவும் நிலைமை மாறியிருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது, இஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. 2026 ஜப்பான் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இஸ்போர்ட்ஸ் பட்டியலில் கிரான் டூரிஸ்மோ 7 இடம்பெற்றது. 'கேம் ஆடறது ஒரு விளையாட்டா?' என்ற கேள்விக்கு அரசுத் தரப்பிலாவது பதில் வந்துவிட்டது.

ஆனால் நிஜ காரில் உட்கார அது போதாது. இந்திய மோட்டார் ஸ்போர்ட் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் போட்டி லைசென்ஸ் வேண்டும். கூடவே சீசனுக்குச் சீசன் பணம் வேண்டும். ஸ்பான்சர் பிடிப்பது இங்கே கிரிக்கெட்டோடு போட்டி போடும் வேலை. சிம்மில் ஜெயித்தவருக்கு வருடா வருடம் ரேஸ் சீட் தரும் நிலையான திட்டம் அமையாதவரை, இந்திய இளைஞர்களுக்கு இது தனிமனித முயற்சிதான்.

டிரைவர் ஆவது மட்டும்தான் கெரியரா?

இங்கேதான் பலர் கவனிக்காத பக்கம் இருக்கிறது. ஃபார்முலா 1 வார இறுதியில் டிராக்கில் இருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, தொழிற்சாலையில் சிமுலேட்டர் டிரைவர் ஒருவர் இரவெல்லாம் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை பயிற்சியில் கார் சரியில்லை என்றால், மறுநாள் என்ன மாற்றலாம் என்று அவர் சோதித்துச் சொல்லுவார். டிவியில் முகம் வராது, ஆனால் சம்பள வேலை. வான் பியூரன் மெக்லாரனுக்குப் பிறகு ரெட்புல்லுக்குப் போய் இதே வேலையைத் தொடர்ந்தார்.

டேட்டா இன்ஜினியரிங், வாகன டைனமிக்ஸ், சிமுலேஷன் மென்பொருள் ஆகியவையும் உண்டு. மெக்கானிக்கலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்த, சிம்மில் ஊறிய ஒருவருக்கு இவை டிரைவர் சீட்டைவிடப் பல மடங்கு அகலமான கதவுகள். பயிற்சியாளராகவோ யூடியூபராகவோ ஆனவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஜிம்மி பிராட்பென்ட் சிம் ரேசிங் யூடியூபராகப் பெயர் வாங்கி, அதன் பலத்தில் நிஜ காரில் ஏறி, 2022-ல் பிராகா கப்பை இணை டிரைவரோடு வென்றார். அவருக்கு ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்தது லேப் டைம் மட்டுமல்ல, பார்வையாளர் கூட்டமும்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

ஆசை இருந்தால் சின்னதாகத் தொடங்குங்கள். கடன் வாங்கி லட்ச ரூபாய் ரிக் வாங்க வேண்டாம். ஆரம்பநிலை வீலிலேயே உலக அளவில் வேகமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைன் ரேங்கிங்கில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஆறு மாதம் பாருங்கள். அந்த எண் பொய் சொல்லாது.

எண் நன்றாக இருந்தால், அடுத்த வீலுக்குச் சேர்த்த பணத்தை நிஜ கார்ட்டிங்கில் போடுங்கள். அதன்பின் ரேஸ் பயிற்சிப் பள்ளியில் ஓரிரு நாள் வகுப்பு. உடம்பு என்ன சொல்கிறது, பயம் என்ன சொல்கிறது என்று அங்கேதான் தெரியும். சிம்மில் கிடைத்த வேகம் அங்கேயும் கிடைத்தால், உங்களிடம் ஏதோ இருக்கிறது.

வேலையையோ படிப்பையோ விடாதீர்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. லூகாஸ் ஓர்டோனியஸ் எம்பிஏ படித்துக்கொண்டே வந்தார். வான் பியூரன் சேல்ஸ் வேலை பார்த்துக்கொண்டே வந்தார். கதவு திறந்தபோது உள்ளே போனார்கள். திறக்காமல் போயிருந்தாலும் அவர்கள் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ரூமில் உட்கார்ந்து ஒரே வளைவை இருநூறு தடவை ஓட்டிக்கொண்டிருந்தால், 'எந்த ரேங்க்ல இருக்க?' என்று கேட்டுப் பாருங்கள். லேப் டைம், டேட்டா என்று பதில் வந்தால் அவன் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறான். பதிலே வராவிட்டால் அது பொழுதுபோக்கு. அதிலும் தப்பில்லை, ஆனால் அதற்கான நேரமும் செலவும் வேறு.

சிம் ரேசிங், நிஜ ரேஸுக்கான டிக்கெட் இல்லை. 'இவனுக்கு டிக்கெட் கொடுக்கலாம்' என்று மற்றவருக்குக் காட்டும் மார்க் ஷீட். நல்ல மார்க் வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது. சீட் கொடுப்பது இன்னொருவர் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கனவு ஆபத்தில்லாத கனவு.